அன்றே அனுப்புவதா? ஆறப்போடுவதா?

பெடாஸிலிருந்து ஒரு தோட்டப் பள்ளி ஆசிரியை

பள்ளி விடுமுறை நாள். மாலை மழை பெய்து ஓய்ந்திருந்தது. வாசலில் சைக்கிள் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். என்னிடம் ஆறாம் ஆண்டு வரை படித்த பெண் நின்றுகொண்டிருந்தாள். இப்போது படிவம் நான்கு. கையில் இரண்டு நோட்டுப் புத்தகங்கள். கண்கள் சிவந்திருந்தன.

"டீச்சர், இதை நீங்களே வச்சுக்கங்க. இல்லாட்டி எரிச்சிடுங்க. இனிமே நான் எழுத மாட்டேன்."

"முதல்ல உள்ளே வா. ஒரு வாய் தேத்தண்ணி குடி. அப்புறம் எரிக்கலாம்" என்றேன்.

எழுத மாட்டேன் என்று அழும் பிள்ளையை என் பணிக்காலத்தில் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். எழுதச் சொன்னால் அழுகிற பிள்ளைகளைத்தானே நாம் அறிவோம்! அதனால் அவள் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டேன். கேட்டதை இங்கே எழுதுவதற்குக் காரணம், அவளைப் போன்ற பிள்ளை உங்கள் வீட்டிலும் இருக்கலாம் என்பதுதான்.

பூங்குழலி வந்த கதை

'பொன்னியின் செல்வன்' படம் 2022-இலும் 2023-இலும் இரண்டு பாகங்களாக வந்ததல்லவா? அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தவள் இவள். படம் முடிந்தும் படகோட்டிப் பெண் பூங்குழலி இவள் மனத்தை விட்டுப் போகவில்லை. 'அதற்குப் பிறகு அவள் என்ன ஆனாள்?' என்று யோசித்தாள். யோசித்ததைக் கதையாக எழுதத் தொடங்கினாள்.

இரவு வீட்டுப்பாடம் முடிந்ததும் ஓர் அத்தியாயம் எழுதுவாள். உடனே அம்மாவின் கைப்பேசியில் தட்டி, தோட்டத்துப் பெண்கள் வைத்திருக்கும் புலனக் குழுவில் போட்டுவிடுவாள். முதலில் நாலைந்து பேர்தான் படித்தார்கள். பிறகு ரந்தாவிலும் லிங்கியிலும் இருக்கும் உறவுக்காரர்கள் வரைக்கும் கதை போயிற்று. காலையில் செம்பனைத் தோட்டத்துக்கு உதிரிப் பழம் பொறுக்கப் போகும் அக்காமார், "ஏண்டி, நேத்து படகு கவுந்துச்சே, பொண்ணு பிழைச்சாளா?" என்று கேட்பார்களாம். இந்தக் கேள்விக்கு ஈடான பரிசு எழுதுகிறவருக்கு வேறு உண்டா?

பதினான்காம் அத்தியாயத்தில் பூங்குழலி கல்யாணமே வேண்டாமென்று தனியாகப் படகேறிக் கடாரத்துக்கு, அதாவது நமது கெடாவுக்கு, புறப்பட்டாள். மறுநாள் காலை, கல்கியின் ஐந்து பாகங்களையும் படித்த ஒரு பழைய கிராணி ஐயா எழுதினார்: "அம்மா, பூங்குழலிதான் சேந்தன் அமுதனைக் கட்டிக்கொண்டு சோழ நாட்டுக்கே அரசியாகிவிட்டாளே! புத்தகம் படிக்காமலா எழுதுகிறாய்?"

ஐயா சொன்னது சரி. கல்கியின் முடிவும் படத்தின் முடிவும் ஒன்றல்ல. இவள் புத்தகத்தைப் படித்ததில்லை. பதறிப்போய் அன்றிரவே, 'இவ்வளவும் பூங்குழலி கண்ட கனவு' என்று பதினைந்தாம் அத்தியாயத்தை எழுதிப் போட்டாள். "அப்படின்னா ரெண்டு வாரமா நாங்களும் தூக்கத்திலதான் படிச்சோமா?" என்று ஒருவர் கேட்க, எல்லாரும் சிரித்துவிட்டார்கள்.

அதுகூடப் பரவாயில்லை. கதையில் ஒரு பொல்லாத கிழவி வருகிறாள். அவளுக்கு எப்படிப் பேச்சு வைப்பது என்று தெரியாமல், அடுத்த லயத்துப் பாட்டியின் பேச்சையும் நடையையும் அப்படியே எடுத்து வைத்துவிட்டாள். பாட்டிக்குக் கைப்பேசி இல்லை. ஆனால் வாசித்துக் காட்ட ஆளா இல்லை? அந்தப் பாட்டி கோயிலில் இவள் அம்மாவைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாராம். பதினைந்து வருடப் பழக்கம், ஒரே இரவில் எழுதிய நாலு வரியில் அறுந்துபோயிற்று.

"கிராணி தாத்தா சொன்னதை விடுங்க டீச்சர். அந்தப் பாட்டிதான் சின்னப் பிள்ளையில என்னைத் தூக்கி வளர்த்தாங்க" என்று சொல்லி மறுபடி அழுதாள்.

பிறர் கதையைத் தொடர்வது குற்றமா?

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இன்னொருவர் கதையை எடுத்துத் தொடர்ந்ததில் இந்தப் பெண் குற்றம் எதுவும் செய்யவில்லை. தமிழர்கள் காலங்காலமாகச் செய்து வருவதுதான் இது. நம் பாட்டிமார்கள் 'பெரிய எழுத்து' புத்தகங்களில் படித்த அல்லி அரசாணி மாலையும் பவளக்கொடி மாலையும் எங்கிருந்து வந்தன? வியாசர் பாரதத்தில் மதுரையை ஆளும் அல்லி ராணி கிடையாது. அர்ச்சுனன் மேல் ஆசைகொண்ட நம்மவர்கள் அவனை மதுரைக்கு வரவழைத்து, அல்லியிடம் படாதபாடு படவைத்தார்கள். அந்தக் கதைகள் கூத்தாயின, நாடகமாயின.

கல்கியின் கதைக்கும் அப்படித்தான். கதை முடிந்தது, ஆனால் வாசகர்களின் ஆவல் முடியவில்லை. பிறகு யார் யார் என்ன ஆனார்கள் என்று கல்கியே முடிவுரை எழுத வேண்டி வந்தது. அப்புறமும் விடவில்லை. 'அமுதசுரபி' ஆசிரியர் விக்கிரமன், கல்கி விட்ட இடத்திலிருந்து 'நந்திபுரத்து நாயகி' என்று ஒரு நாவலே எழுதினார். ஆக, எங்கள் பெடாஸ் பெண் நல்ல வரிசையில்தான் நிற்கிறாள்.

அப்படியானால் எங்கே தவறியது? எழுதிய சூட்டோடு அனுப்பியதிலா?

அன்றே அனுப்பியவர்கள்

அதையும் தவறென்று சட்டென்று சொல்ல முடியவில்லை. 'பொன்னியின் செல்வன்' 1950 அக்டோபரிலிருந்து 1954 மே வரை வாரா வாரம் 'கல்கி' இதழில் வந்த தொடர்கதை. மூன்றரை ஆண்டுகள்! எல்லாவற்றையும் எழுதி முடித்துத் திருத்திவிட்டுத்தான் வெளியிடுவேன் என்று கல்கி உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? தொடர் முடிந்த அதே 1954-ஆம் ஆண்டு டிசம்பரில் அவர் காலமானார். அப்போது எழுதிக்கொண்டிருந்த 'அமர தாரா'வை அவர் மகள் ஆனந்திதான் முடித்து வைத்தார்.

தமிழ்த் தாத்தா உ.வே. சாமிநாதையரைப் பாருங்கள். 'என் சரித்திரம்' என்ற தம் வாழ்க்கை வரலாற்றை 1940 ஜனவரியில் 'ஆனந்த விகட'னில் எழுதத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது எண்பத்தைந்தை நெருங்கியிருந்தது. 1942 ஏப்ரலில் அவர் மறைந்தபோது நூல் முடியவில்லை. ஆனால் அதுவரை எழுதியது முழுவதும் நமக்குக் கிடைத்தது. 'முடித்த பிறகு கொடுக்கிறேன்' என்று அவர் சொல்லியிருந்தால், அந்தப் புத்தகம் நம் கைக்கு எந்த உருவில் வந்திருக்கும்?

வாரம் தவறாமல் கேட்கிற வாசகர் இருந்தால் கை ஓடும். கையை ஓட வைப்பதுதான் தொடர்கதையின் பெரிய லாபம். ஆனால் கல்கி வாரா வாரம் எழுதினாரே தவிர, வாரா வாரம் யோசித்தார் என்று நினைத்துவிடாதீர்கள். ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்களின் பெயர்கள் உடையார்குடிக் கல்வெட்டில் இருக்கின்றன. நீலகண்ட சாஸ்திரியாரும் சதாசிவ பண்டாரத்தாரும் எழுதிய சோழர் வரலாறுகள் அவர் மேசையில் இருந்தன. யார் அரசாவார் என்பது முதல் அத்தியாயம் எழுதும்போதே அவருக்குத் தெரியும். வீடு கட்டும்போது கூரை எங்கே வரும் என்று தெரிந்துகொண்டு சுவர் எழுப்பினார். நம் பெண்ணோ கூரையைப் பற்றி நினைக்காமல் தினம் ஒரு செங்கல் வைத்தாள்.

இங்கிலாந்தில் சார்ல்ஸ் டிக்கன்ஸ் பகுதி பகுதியாகத்தான் நாவல்களை வெளியிட்டார். அவரும் ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தாளில் குறிப்பு எழுதி வைத்துக்கொள்வார். 1861-இல் ஒரு நாவலின் முடிவை அச்சுக்குப் போகுமுன் எழுத்தாள நண்பர் ஒருவரிடம் காட்டினார். நண்பர் 'இது வேண்டாம்' என்று சொல்ல, முடிவையே மாற்றி எழுதினார். ஊருக்கெல்லாம் கொடுக்கும் முன் ஒருவருக்குக் கொடுத்தார். இந்த 'ஒருவர்' என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வருகிறேன்.

ஆறப்போட்டவர்கள்

மறுபக்கம், எழுதியதை எளிதில் வெளியே விடாதவர்களும் உண்டு. மௌனி என்ற எழுத்தாளர் தம் வாழ்நாளில் எழுதியது இருபத்து நாலு கதைகள்தான். திரும்பத் திரும்பத் திருத்தி எழுதியவர் என்பார்கள். இன்றும் சிறுகதை என்றால் அவர் பெயரைச் சொல்லாமல் தாண்ட முடியாது. ஆறப்போட்டவரும் நிலைத்திருக்கிறார்.

நம் நாட்டிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1924-இல் தொடங்கி 2019 வரை வெளிவந்த 'தமிழ் நேசன்' நாளிதழில், 1950-ஆம் ஆண்டு சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 'கதை வகுப்பு' ஒன்றை நடத்தினார்கள். கதை எழுதுவது எப்படி என்று பத்திரிகையிலேயே பாடம். வாசகர்கள் எழுதிப் பழக வேண்டும். 'எழுதுவது பிறவி வரம், அதற்குப் பாடம் எதற்கு' என்று இருந்த காலத்தில், எழுத்தும் பழகினால் வரும் தொழில்தான் என்று காட்டிய முயற்சி அது. மலாயாத் தமிழ்ச் சிறுகதை பற்றிப் பேசுகிற எவரும் அந்த வகுப்பைத் தொடாமல் பேசுவதில்லை.

அதற்கும் முன்னால் நம்மிடம் அரங்கேற்றம் என்ற வழக்கம் இருந்தது. புலவர் நூலை எழுதினால் சபையில் வாசிக்க வேண்டும். கற்றவர்கள் கேள்வி கேட்பார்கள். பதில் சொல்ல வேண்டும். கம்பர் திருவரங்கத்தில் இராமாயணத்தை அரங்கேற்றப் பட்ட பாட்டைப் பற்றி எத்தனை கதைகள் கேட்டிருக்கிறோம்! சபை கேட்ட பிறகுதான் ஊருக்கு நூல்.

இவ்வளவு சொல்கிறேனே, நான் எந்தக் கட்சி? சொல்ல வெட்கமாக இருக்கிறது. நான் ஆறப்போட்ட கட்சி. அதனால் இழந்ததையும் சொல்கிறேன்.

என் இரும்புப் பெட்டி

என் பாட்டி லிங்கிப் பக்கத்துத் தோட்டத்தில் பால் வெட்டியவர். அவருடைய அப்பாவை ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் பாதை போட அழைத்துக்கொண்டு போனார்கள். போனவர் திரும்பவில்லை. ஆயிரமாயிரம் தோட்டத்துத் தமிழர் குடும்பங்களுக்கு இதே கதைதான். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இருந்தபோது இதை நாவலாக எழுத வேண்டும் என்று எனக்கு ஆசை வந்தது. பன்னிரண்டு அத்தியாயம் எழுதினேன். பிறகு திருத்தினேன். திருத்தியதை மறுபடி திருத்தினேன். முதல் அத்தியாயத்தை மட்டும் ஒன்பது தடவை எழுதியிருக்கிறேன்.

பாட்டி கேட்பார்: "எங்கப்பன் கதைய எழுதுறியாமே தாயி, ஒரு பக்கம் படிச்சுக் காட்டேன்."

"இன்னும் சரியா வரல பாட்டி. திருத்திட்டுக் காட்டறேன்."

இப்படியே ஏழெட்டு வருடம் ஓடிப்போயிற்று. ஒரு தீபாவளிக்கு முந்தின வாரம் பாட்டி போய்விட்டார். ஒரு பக்கம்கூடக் கேட்கவில்லை.

காரியம் முடிந்த அன்று பாட்டியின் தங்கையிடம் பேச்சுக் கொடுத்தேன். என் நாவலில், கொள்ளுத் தாத்தாவை நள்ளிரவில் லாரியில் ஏற்றிப் போனதாக உருக்கமாக எழுதியிருந்தேன். சின்னப் பாட்டி சொன்னார்: "ராத்திரியா? யாரு சொன்னா? விடியக்காலை பெரட்டுக் களத்துல பேர் கூப்பிட்டாங்க. அப்பன் வெத்தலைப் பைய எடுத்து இடுப்புல சொருகிட்டுப் போச்சு. சாயந்திரம் வந்துரும்னுதான் நாங்க இருந்தோம்."

நான் கற்பனையில் பூட்டிய லாரி விளக்கும் இருட்டும் அழுகையும் எங்கே? சாயந்திரம் வந்துவிடுவார் என்று காத்திருந்த இரண்டு சிறுமிகள் எங்கே? ஒன்பது தடவை திருத்தியும் அந்தத் தவறு என் கண்ணில் படவில்லை. எப்படிப் படும்? தெரிந்தவரிடம் காட்டினால்தானே தெரியும்! அறையைப் பூட்டிக்கொண்டு நான் திருத்தியது சொற்களை மட்டும்தான். கதையைத் திருத்தக்கூடிய ஒரே ஆளைக் கடைசி வரை காக்க வைத்துவிட்டேன்.

இதை அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அவள் அழுகையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள்.

"நான் எல்லாருக்கும் காட்டித் தப்புப் பண்ணிட்டேன். நீங்க யாருக்குமே காட்டாம தப்புப் பண்ணிட்டீங்க. அப்படித்தானே டீச்சர்?"

பிள்ளைகள் சில நேரம் வாத்தியாருக்கே பாடம் எடுத்துவிடுகிறார்கள்.

பாட்டியின் பால் கணக்கு

நாம் பால் மரத்தை நம்பிப் பிழைத்தவர்கள். நமக்கு இதை விளக்க வேறு எங்கும் போக வேண்டாம். காலையில் வெட்டிய பாலை அன்றைக்கே ஸ்டோரில் ஊற்றிவிட வேண்டும். மங்கிலேயே விட்டால் கட்டி தட்டி ஒட்டுப்பால் ஆகிவிடும், விலையும் குறைந்துவிடும். என் நாவல் மங்கிலேயே கட்டிப்போன பால்.

அதற்காக, ஸ்டோரில் ஊற்றிய பாலை அப்படியே கப்பலில் ஏற்றினார்களா? இல்லையே! தண்ணீர் கலந்து, வடிகட்டி, ஆசிட் விட்டு, தொட்டியில் உறைய வைத்தார்கள். மறுநாள் மெஷினில் கொடுத்து ஷீட்டாக்கினார்கள். புகை வீட்டில் சில நாள் தொங்கவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் சந்தை. நம் பெண் பாலை வாளியோடு சந்தைக்கே கொண்டுபோய்விட்டாள்.

எழுத்துக்கும் ஸ்டோர் ஒன்று வேண்டும். அன்றைக்கே ஊற்ற ஓர் இடம், உறைய ஓர் இரவு. அதுதான் நான் முன்னே நினைவில் வைக்கச் சொன்ன 'ஒருவர்'. புலவருக்கு அது சபை. கதை வகுப்புக்கு அது ஆசிரியர். தோட்டத்துப் பிள்ளைக்கு அம்மாவோ, அக்காவோ, வாசகசாலைப் பெரியவரோ, பள்ளி ஆசிரியரோ இருக்கலாம். முதலில் இரண்டு காது கேட்கட்டும், பிறகு இருநூறு காது கேட்கலாம்.

அன்று நாங்கள் இருவரும் உட்கார்ந்து சில ஒழுங்குகளை எழுதிக்கொண்டோம். உங்கள் பிள்ளைகளுக்கும் உதவக்கூடும்.

தொடர்கதையை ஆரம்பிக்கும் முன் முடிவை ஒரு தாளில் எழுதி வைத்துவிடுவது. பிறகு மாற்றலாம், ஆனால் இல்லாமல் புறப்படக் கூடாது.

பிறர் கதையைத் தொடர்வதானால் மூலத்தை முழுதாகப் படித்துவிடுவது. படம் பார்த்தது போதாது.

முதல் அத்தியாயத்தை வெளியிடும்போது கையில் இன்னும் ஐந்து அத்தியாயங்கள் தயாராக இருப்பது. உடம்பு சரியில்லாவிட்டாலும் பரீட்சை வந்தாலும் கதை நிற்காது. ஐந்தாவதில் தவறு தெரிந்தால் முதலாவதைத் திருத்தவும் நேரம் இருக்கும்.

இரவு எழுதியதை இரவே அனுப்பாமல், காலையில் வாய்விட்டுப் படித்துவிட்டு அனுப்புவது. கண் விட்ட தவறை நாக்கு பிடித்துவிடும்.

உயிரோடு இருக்கும் மனிதரை நினைத்து எழுதிய வரி இருந்தால், அவர் எதிரில் உட்கார்ந்து அதைப் படிக்க முடியுமா என்று தன்னையே கேட்பது. முடியாது என்றால் அடித்துவிடுவது.

ஐந்தாவதை நான் சொல்லவில்லை. அவளே சொன்னாள்.

பெற்றோரிடமும் ஒரு வார்த்தை. பிள்ளை கைப்பேசியில் எதையோ தட்டிக்கொண்டிருந்தால், உடனே பிடுங்கி வைக்காதீர்கள். என்ன எழுதுகிறாய் என்று கேளுங்கள். "எனக்கு முதலில் படித்துக் காட்டு" என்று சொல்லுங்கள். படிக்கத் தெரியாதவராக இருந்தால் இன்னும் நல்லது, பிள்ளை வாய்விட்டுப் படித்தாக வேண்டும். அம்மா எங்கே கொட்டாவி விடுகிறாளோ, அங்கே கதை தொய்கிறது என்று பிள்ளைக்குத் தெரிந்துவிடும்.

பின்பு நடந்தது

மறுநாள் அவளும் அவள் அம்மாவும் வெற்றிலை பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு அடுத்த லயத்துப் பாட்டியைப் பார்க்கப் போனார்கள். பாட்டி முதலில் பேசவில்லையாம். பிறகு, "நான் அப்படியா கத்திக் கத்திப் பேசறேன்?" என்று கேட்டாராம். "ஆமா பாட்டி, கொஞ்சம்" என்று இவள் உண்மையைச் சொல்ல, பாட்டியே சிரித்துவிட்டாராம். முழுக்க ஆறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். கோயிலில் பார்த்தால் இப்போது பேசிக்கொள்கிறார்கள். அது போதும்.

பழைய கிராணி ஐயா தம்மிடமிருந்த ஐந்து பாகங்களையும் அவளுக்குப் படிக்கக் கொடுத்திருக்கிறார். மூன்றாம் பாகத்தில் இருக்கிறாள். நோட்டுப் புத்தகங்களை நான் எரிக்கவில்லை. திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

எனக்கும் அவள் ஒரு நிபந்தனை போட்டாள். வெள்ளிக்கிழமைதோறும் என் இரும்புப் பெட்டியிலிருந்து ஓர் அத்தியாயம் எடுத்துச் சின்னப் பாட்டிக்கு வாசித்துக் காட்ட வேண்டும். சென்ற வெள்ளி முதல் அத்தியாயம் வாசித்தேன். சின்னப் பாட்டிக்கு வயது தொண்ணூறைத் தாண்டிவிட்டது. காது மந்தம். உரக்கப் படித்தேன். பெரட்டுக் களம், வெற்றிலைப் பை, சாயந்திரம் வருவார் என்ற காத்திருப்பு எல்லாவற்றையும் புதிதாக எழுதியிருந்தேன்.

முடித்ததும் சிறிது நேரம் சும்மா இருந்தார். பிறகு சொன்னார்: "வெத்தலைப் பை பச்சை நிறம். அதையும் எழுது."

எழுதிவிட்டேன்.